கண்டதை எழுதிவைத்தல்: ஆன்மிக அனுபவம் நேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை

தெய்வ அனுபவத்தை வரவழைப்பது எப்படி என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. பிரார்த்தனையின் நடுவே ஒரு பேரமைதி தன்மேல் இறங்கியதை உணர்ந்தவர், இறந்துபோன தாயின் குரலைக் காதருகே கேட்டவர், கனவில் ஒரு கட்டளை பெற்றவர், ஆளில்லாத அறையில் யாரோ நிற்பதை ஐயமற அறிந்தவர் என எல்லோருக்கும் மறுநாள் காலையில் ஒரே சிக்கல்தான்: நேற்று நடந்ததை எங்கே வைப்பது? இந்த வழிகாட்டி அந்த மறுநாளுக்காக எழுதப்பட்டது. அனுபவம் மெய்யா பொய்யா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நடந்தது எது, அதற்கு நாம் ஏற்றிய பொருள் எது என்ற இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் வழியை மட்டும் சொல்கிறேன். கடவுளை முழுமையாக நம்புகிறவருக்கும் பாதி நம்புகிறவருக்கும் இந்த முறை ஒன்றேதான்.

முதல் வேலை எழுதுவது

1654ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு, ஏறத்தாழ பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரை, பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கலுக்கு அவருடைய வாழ்க்கையையே திருப்பிய அனுபவம் ஒன்று நேர்ந்தது. காற்றழுத்தத்தை ஆராய்ந்தவர் அல்லவா, பழக்கம் விடவில்லை: தாளின் தலைப்பில் நாளையும் நேரத்தையும் குறித்தார். பிறகு 'நெருப்பு' என்ற ஒற்றைச் சொல்லைத் தனி வரியாக எழுதினார். அதன்கீழே வருபவை பெரும்பாலும் முற்றுப்பெறாத சிறு சிறு வரிகள்தாம், விளக்கவுரை கிடையாது. அந்தத் தாளை மேலங்கியின் உட்புறத் துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662இல் அவர் இறந்த பிறகு பணியாளர் ஒருவரின் கையில் அது தட்டுப்பட்டபோதுதான் இப்படியொரு இரவு இருந்தது என்பதே வெளியே தெரிந்தது. எழுத வேண்டிய முறைக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது. நாள், நேரம், வந்த சொல், அவ்வளவுதான்.

எழுதுவதை ஒரு நாளுக்குமேல் தள்ளிப்போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் தந்தை இறந்த சில வாரங்களில் ஒருநாள் விடியற்காலையில் அடுத்த அறையிலிருந்து அவருடைய இருமல் கேட்டது. இரண்டு முறை இருமி, சற்று நிறுத்தி, தொண்டையைச் செருமும் அதே வரிசை. எழுந்து உட்கார்ந்து ஒரு நோட்டில் ஆறு வரி எழுதிவைத்தேன். அதன்பிறகு பல ஆண்டுகள் அந்த நிகழ்ச்சியை நெருங்கியவர்களுக்குச் சொல்லிவந்தேன்: சரியாக ஒரு மாதம் நிறைந்த இரவு, அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இருமலுக்குப் பிறகு என் பெயரைச் சொல்லி அழைத்தார். ஒருநாள் வேறெதையோ தேடும்போது அந்த நோட்டு கைக்குக் கிடைத்தது. அதில் இருபத்துமூன்றாம் இரவு என்று எழுதியிருந்தது. விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; என் பெயரும் இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. சொல்லச் சொல்ல நினைவு தானாகவே கதையைச் செம்மைப்படுத்திக்கொண்டு போயிருக்கிறது. இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

நோட்டில் எதிரெதிராக இருக்கும் இரண்டு பக்கங்களைப் பயன்படுத்துங்கள். இடப்பக்கம் நடந்ததற்கு; வலப்பக்கம் அதற்கு நீங்கள் கொள்ளும் பொருளுக்கு. இடப்பக்கத்தில் 'அப்பா வந்தார்' என்று எழுதினால் அது வலப்பக்கத்துக்கு உரிய வரி. 'இருமல் சத்தம் கேட்டது, இரண்டு முறை, வடக்குச் சுவரின் பக்கமிருந்து' என்பதுதான் இடப்பக்கத்து வரி. 'இறைவன் என்னைத் தொட்டார்' என்பது வலம். 'நெஞ்சின் நடுவில் வெதுவெதுப்பு பரவியது, கண்ணீர் வந்தது, துக்கம் இல்லை' என்பது இடம். பார்த்தேன், கேட்டேன், உணர்ந்தேன், திடீரெனத் தெரிந்தது ஆகிய நான்கு வினைகளையும் ஒன்றுக்குப் பதிலாக ஒன்றைப் போடாமல் கவனமாகக் கையாள வேண்டும். ஏனெனில் காதால் கேட்ட குரலுக்கும், காதின் உதவியில்லாமல் உள்ளே தெளிந்த சொல்லுக்கும் உள்ள வேறுபாடு பின்னால் மிகவும் தேவைப்படும். வலப்பக்கத்தை ஒரு வாரமாவது வெற்றாக விட்டுவையுங்கள். இது கடினம் என்பது எனக்குத் தெரியும், கை துறுதுறுக்கும்.

இடப்பக்கத்தில் எழுத வேண்டிய மற்றவை எளியவை: விழித்திருந்தீர்களா, தூக்கத்தின் விளிம்பில் இருந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா படுத்திருந்தீர்களா, முந்தைய இரண்டு இரவுகள் எவ்வளவு தூங்கினீர்கள், நோன்பு இருந்தீர்களா, காய்ச்சல் உண்டா, புதிதாக ஏதேனும் மருந்து தொடங்கினீர்களா, உடன் வேறு யாரேனும் இருந்தார்களா, அவர்களுக்கும் ஏதாவது தெரிந்ததா. எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் குறியுங்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளிவந்த தம் நூலில் இத்தகைய அனுபவங்களுக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார்: சொல்லில் அடங்காமை, எதையோ அறிந்துகொண்டோம் என்ற உறுதி, நீடிக்காமை, தன் விருப்பம் அடங்கி வேறொன்றின் பிடியில் இருப்பதுபோன்ற நிலை. பெரும்பாலும் அரை மணி, மிஞ்சினால் ஓரிரு மணி நேரம் என்பது அவர் கணக்கு. பாஸ்கலின் இரவு அந்த எல்லைக்குள் அடங்குவதைக் காணலாம். முதல் அடையாளத்தைத்தான் நாம் 'கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்' என்று சொல்லிவருகிறோம். ஆனால் இந்தப் பழமொழியை எழுதாமலிருக்கச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. சொல்ல வரவில்லை என்றால் 'சொல்ல வரவில்லை' என்றே எழுதி, எது போல இல்லை என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

உடலையும் அறையையும் விசாரித்தல்

அடுத்த இரண்டு மூன்று நாட்களில் உடலைக் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் பக்தர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மையில் அனுபவத்தை மதிப்பவர்தான் இதைச் செய்வார். தங்கத்தை உரைகல்லில் உரைப்பது அதை இழிவுபடுத்துவதற்கு அன்று.

மிகப் பரவலானது தூக்க முடக்கம். கனவு காணும் உறக்கநிலையில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும்; சில வேளைகளில் அந்தத் தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிடுகிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், கை கால் அசையாது, மார்பின்மேல் பாரம் அழுத்தும், அறையில் தீய எண்ணத்துடன் யாரோ இருப்பதாகத் தோன்றும். 'அமுக்குப் பேய்' என்ற சொல்லே இதிலிருந்து பிறந்ததுதான். சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் விலகிவிடும். மல்லாந்து படுக்கும்போதும் தூக்கம் கெட்டிருக்கும்போதும் இது வருவது அதிகம். உங்கள் இடப்பக்கத்தில் இந்த அடையாளங்கள் வரிசையாக இருந்தால், முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். பேயோட்டுபவரைத் தேடி ஓட வேண்டாம்.

அறையையும் விடக் கூடாது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் ஒருவர், ஒரு வீட்டில் காலடியோசை கேட்டதாகவும் உருவங்கள் தெரிந்ததாகவும் குடும்பமே சொன்ன வரலாற்றை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழுதான சூடேற்றும் உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு அங்கே காரணமாக இருந்தது. ஒரே வீட்டில் பலருக்குத் தலைவலியும் களைப்பும் 'நடமாட்டமும்' சேர்ந்து வந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்பையும் புகைபோக்கியையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை மங்கிய முதியவர்களுக்கு, அறிவு தெளிவாக இருக்கும்போதே, சிறு மனிதர்களும் வண்ணக் கோலங்களும் தெரிவதுண்டு. சுவிட்சர்லாந்தின் சார்ல் பொன்னே 1760இல் தம் பாட்டனாருக்கு அப்படி நேர்ந்ததை எழுதியதால் அந்த நிலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அத்தகைய முதியவரிடம் 'சாமி வந்திருக்கிறது' என்றும் சொல்ல வேண்டாம், 'புத்தி கெட்டுவிட்டது' என்றும் சொல்ல வேண்டாம்.

இறந்தவரின் வருகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசியபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவரைக் கண்டோ, கேட்டோ, அருகில் உணர்ந்தோ இருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. எனவே இது பைத்தியத்தின் அடையாளமும் இல்லை, அபூர்வமும் இல்லை. நோட்டைக் கண்டெடுத்த பிறகு நான் இந்த எண்ணைப் படித்தேன். என் இருமல் சிறுமைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முகம் தெரியாத பல பேரோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

உடல் காரணம் கிடைத்துவிட்டால் பொருள் இல்லாமல் போய்விடுமா என்றால், அது வேறு கேள்வி. 1916இல் தென்துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தம் தோழர்கள் இருவருடன், தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளைக் கடந்தார். முப்பத்தாறு மணி நேரம் ஓய்வின்றி நடந்தபோது, தாங்கள் மூவரல்ல, நால்வர் என்று தமக்குப் பலமுறை தோன்றியதாகப் பின்னால் எழுதினார். மற்ற இருவரும் தனித்தனியே அதையே சொன்னார்கள். களைப்பும் குளிரும் மூளையை அப்படி ஆக்கும் என்று இன்றைய மருத்துவர் விளக்குவார். இதைப் படிக்கும் தமிழருக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வராமல் இருக்காது: திருக்கோவலூரில் மழையிரவில் ஒரு குறுகிய இடைகழி, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடம், அங்கே முதலாழ்வார்கள் மூவரும் நிற்க, நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை அவர்கள் உணர்ந்தது. மூவர், இருள், நெருக்கடி, நான்காமவர். ஒன்றைப் பயண வரலாறு என்கிறோம், மற்றொன்றைத் திருவருள் என்கிறோம். ஷாக்கிள்டனும் தம்மை இறைவனே வழிநடத்தியதாகத்தான் கருதினார். 'எப்படி நேர்ந்தது' என்பதற்குக் கிடைக்கும் விடை, 'எதற்காக நேர்ந்தது' என்ற கேள்வியை மூடிவிடுவதில்லை. அதே நேரம், முதல் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதற்குத் தாவுவதும் நேர்மையாகாது. உடல் காரணம் கிடைத்தால் அதை இடப்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பொருள் காணுதல்

ஒரு வாரம் கழித்து வலப்பக்கத்தைத் தொடங்கலாம். சமய மரபுகள் இங்கேதான் நமக்கு உண்மையான உதவி செய்கின்றன. அவை காட்சிகளைக் கண்டு மயங்கியதைவிட ஐயுற்றதே அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஜென் பௌத்தத்தில் தியானத்தின்போது தோன்றும் ஒளிகளுக்கும் உருவங்களுக்கும் 'மாக்யோ' என்று பெயர்; புத்தரே தோன்றினாலும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். கனவுகள் மூவகை என்று நபிமொழி பகுக்கிறது: இறைவனிடமிருந்து வரும் நற்கனவு, ஷைத்தானிடமிருந்து வரும் துயரக் கனவு, மனிதன் தன் மனத்தோடு பேசிக்கொண்டதன் எதிரொலியான கனவு. அந்த மூன்றாம் வகை ஒன்றே போதும், நம் நோட்டில் பாதிப் பக்கங்கள் நிரம்பிவிடும். ஸ்பானியக் கத்தோலிக்கத் துறவி சிலுவையின் புனித யோவான் இன்னும் ஒருபடி மேலே போய், உண்மையான காட்சியைக்கூடப் பற்றிக்கொள்ளாதே, அது செய்ய வந்த வேலையைத் தோன்றிய கணத்திலேயே செய்துவிட்டிருக்கும் என்றார்.

எனக்கு மிகவும் பயன்பட்டவர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய ஸ்பானியர் லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் போரில் கால் முறிந்து படுத்திருந்தபோது, வீரசாகசக் கனவுகளில் மூழ்கினால் அப்போதைக்கு இனிக்கிறது, பிறகு உள்ளம் வறண்டுபோகிறது என்பதையும், புனிதர்களைப் போல வாழ்வதாக எண்ணினால் அந்த எண்ணம் நீங்கிய பிறகும் மகிழ்ச்சி தங்குகிறது என்பதையும் அவர் கவனித்தார். மறுநாள் நாவில் நிற்கும் சுவைதான் அவருடைய அளவுகோல். அடுத்த ஆண்டு ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்தபோது, கண்களைப் போல மின்னும் பல புள்ளிகள் கொண்ட பாம்பு வடிவம் ஒன்று காற்றில் அடிக்கடி தோன்றி அவருக்கு மிகுந்த ஆறுதல் தந்தது. பின்னர் சிலுவையின் முன் மண்டியிட்டபோது அதே வடிவம் முன்போல அழகாக இல்லை. அது தீயவனின் வேலை என்று தெளிந்து ஒதுக்கினார். தூங்கப்போகும் நேரத்தில் பெரும் ஞானத் தெளிவுகள் வந்து அவருடைய குறுகிய தூக்கத்தையும் பறித்தன. தூக்கத்துக்கென ஒதுக்கிய நேரத்தில் வருவது நல்ல ஆவியாக இருக்குமா என்று ஐயுற்று, அவற்றையும் விட்டுவிட்டார். ஒரு மகானிடம் இவ்வளவு நடைமுறை அறிவை நான் எதிர்பார்க்கவில்லை.

அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. இந்த வழிகாட்டியின் இரு பக்க முறைக்கு ஆதாரமான விதி அதில் இருக்கிறது: இறைவனே நேராகத் தரும் ஆறுதலில் வஞ்சகம் இருக்காது, ஆனால் அந்தக் கணம் முடிந்த பின்னும் உள்ளம் சூடாக இருக்கும் நேரத்தில் நாமே வகுத்துக்கொள்ளும் முடிவுகளையும் திட்டங்களையும் கணத்திலிருந்து பிரித்துத் தனியே சோதிக்க வேண்டும். அனுபவம் உண்மையாக இருந்தும், அதன்பேரில் நாம் எடுத்த முடிவு தவறாக இருக்கலாம் என்பதை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய இடம் அரிது.

சொல் கேட்டவர்களுக்கு, ஸ்பானியத் துறவி அவிலாவின் புனித தெரசா 1577இல் எழுதிய நூலில் மூன்று அடையாளங்கள் தருகிறார். அந்தச் சொல் தான் சொல்வதைச் செய்துகாட்டும் வலிமை உடையதாக இருக்கும். 'அஞ்சாதே' என்றால் அச்சம் உண்மையிலேயே போயிருக்கும். கேட்ட பிறகு ஆழ்ந்த அமைதி தங்கும். நீண்ட காலம் நினைவைவிட்டு அகலாது. இந்த மூன்றையும் வலப்பக்கத்தின் தலைப்பில் எழுதிவைத்து, முதல் மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் பதில் எழுதுங்கள்.

இவற்றோடு நடத்தையையும் பாருங்கள். 1896இல் மதுரையில் பதினாறு வயது வேங்கடராமனுக்கு, பிற்கால ரமண மகரிஷிக்கு, மரண அனுபவம் நேர்ந்தது. அதன்பின் தம்மிடம் உண்டான மாற்றங்களாக அவர் சொன்னவை மிகச் சாதாரணமானவை: முன்பு பிற பையன்கள் சீண்டினால் எதிர்த்து நிற்பவர், பிறகு பொறுத்துப்போனார், விளையாட்டிலும் சாப்பாட்டிலும் நாட்டம் போயிற்று. உங்களுக்கும் அப்படித்தான். வீட்டிலுள்ளவர்களிடம் உங்கள் குரல் தணிந்திருக்கிறதா, கடன்பட்டவரைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கிறதா என்று குறியுங்கள். நான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற எண்ணம் மட்டும் வளர்ந்திருந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

யாரிடம் சொல்வது

ஒருவரிடம் சொல்லுங்கள், பலரிடம் சொல்ல வேண்டாம். உங்கள் மரபை அறிந்தவராகவும், உங்களால் அவருக்கு லாபம் எதுவும் இல்லாதவராகவும், இடையில் குறுக்கிடாமல் கேட்பவராகவும் அவர் இருக்க வேண்டும். அவரிடம் இடப்பக்கத்தை மட்டும் படித்துக்காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். 'அனுபவத்தை மீண்டும் வரவழைத்துத் தருகிறேன்' என்று கட்டணம் கேட்பவர், 'குடும்பத்தாரிடம் சொல்லாதே' என்று கட்டளையிடுபவர், 'பரிகாரம் செய்யாவிட்டால் ஆபத்து' என்று அச்சுறுத்துபவர் ஆகிய மூவரிடமிருந்தும் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடலாம். கேட்பதற்கு யாருமே இல்லை என்று எண்ண வேண்டாம். கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்த அலிஸ்டர் ஹார்டி 1969இல் ஆக்ஸ்போர்டில் ஓர் ஆய்வு அமைப்பைத் தொடங்கி, அன்றாடத் தன்னிலிருந்து வேறான ஏதோவொரு சக்தியின் இருப்பை உணர்ந்ததுண்டா என்று பொதுமக்களைக் கேட்டார். அந்தத் தொகுப்பில் இன்று 6,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன.

மருத்துவரிடம் போக வேண்டிய நிலைமைகள் தெளிவானவை. குரல் நாள்தோறும் ஓயாமல் பேசுகிறது, உங்களையோ பிறரையோ துன்புறுத்தச் சொல்கிறது, உண்ணாதே உறங்காதே என்கிறது, சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் சதி செய்வதாகத் தோன்றுகிறது, இரண்டு மூன்று இரவுகள் தூக்கமே இல்லாமல் களைப்பும் தெரியவில்லை, சில நிமிடங்கள் நினைவு தப்பிவிடுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு அன்றே போங்கள். பிரார்த்தனையை நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவரையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

முடிவெடுத்தலும் காத்திருத்தலும்

வேலையை விடுவது, துறவு பூணுவது, சொத்தைக் கொடுத்துவிடுவது, திருமணம் செய்துகொள்வது அல்லது முறிப்பது ஆகிய எதையும் அனுபவத்தின் சூட்டில் செய்யக் கூடாது. அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10ஆம் நாள் டார்ஜிலிங் செல்லும் ரயிலில் 'அழைப்புக்குள் ஓர் அழைப்பு' பெற்றதாகச் சொன்னார். ஆனால் மடத்தை விட்டு அவர் வெளியேறியது 1948 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் பேராயரின் விசாரணை, கடிதங்கள், ரோமின் அனுமதி. மெய்யான அழைப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் கெட்டுப்போகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 2024 மே மாதம் வெளியிட்ட புதிய விதிமுறைகளின்படி, ஒரு காட்சியை இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று அறிவிப்பது இனி வழக்கமாக இருக்காது. பின்பற்றத் தடையில்லை என்பதே கிடைக்கக்கூடிய மேலான பதில். அவ்வளவு பெரிய நிறுவனமே தீர்ப்பைத் தள்ளிவைக்கும்போது நாம் ஏன் ஒரே இரவில் முடிவுகட்ட வேண்டும்?

காத்திருக்கும் காலத்தில் பெரும்பாலும் ஒன்றுமே வராது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 2007இல் வெளியான அன்னை தெரசாவின் கடிதங்கள், அந்த ரயில் பயணத்தின் ஒளி மங்கி, பல பதிற்றாண்டுகள் அவர் உள்ளிருளிலேயே பணியாற்றியதைக் காட்டின. அனுபவம் திரும்ப வரவில்லை என்பதற்காக நோன்பைக் கூட்டுவதோ, தூக்கத்தைக் குறைப்பதோ, அதே அறையில் அதே நேரத்தில் காத்திருப்பதோ வேண்டாம். அப்படி வருவது பெரும்பாலும் உடல் கொடுத்த விலைக்குக் கிடைத்த சரக்காகவே இருக்கும். வழக்கமான பிரார்த்தனையை வழக்கமான அளவில் செய்துவாருங்கள். வெறுமையான நாட்களுக்கும் நாளும் நேரமும் போட்டு 'இன்று ஒன்றும் இல்லை' என்று எழுதுங்கள். என் நோட்டில் அந்த ஆறு வரிக்குப் பிறகு பெரும்பாலும் அந்த மூன்று சொற்கள்தாம். ஆண்டுக்கு ஒருமுறை, அனுபவம் நேர்ந்த தேதியில், முதலில் நினைவிலிருப்பதை வேறொரு தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகே பழைய பக்கத்தைத் திறந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.